கல்லை வேகவைத்தவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘சுத்தம்’. “சுத்தம் இன்னைக்கு லீவா?” “சுத்தம் வர்றாரு, எல்லாரும் கையைக் கழுவுங்கப்பா.” கேலியாக ஆரம்பித்த பெயர்தான். இருபத்தாறு வருடத்தில் கேலி தேய்ந்து போய் மரியாதை மட்டும் மிஞ்சிவிட்டது. அவருக்கும் அந்தப் பெயரில் ஒரு கர்வம் உண்டு. யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலை கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில். அறுவை அரங்கிலிருந்து ரத்தமும் சதையுமாக இறங்கி வரும் கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, துணியில் பொட்டலம் கட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் நீராவி இயந்திரத்துக்குள் தள்ளி, கிருமி நீக்கி மேலே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். உள்ளே சூடு ஒழுங்காக ஏறியிருந்தால் பட்டையிலுள்ள வெளிறிய கோடுகள் கறுத்துவிடும். கோடு கறுத்தால்தான் பொட்டலம் மேலே போகும். கோபக்காரர் என்று பெயரெடுத்த ஒரு சர்ஜன் ஒருமுறை தானே படியிறங்கி வந்து, நோயாளி மேஜையில் காத்திருக்கிறார், பொட்டலத்தைக் கொடு என்று கத்தினார். சுத்தம் அசையவில்லை. “கோடு கறுக்கல டாக்டர். நீங்க கத்தி முடிக்கறதுக்குள்ள கறுத்துடும்” என்றார். அதே சர்ஜன், பின்னால் தன் தாய்க்கு அறுவை சிகிச்சை வந்தபோது, பொட்டலங்களை சுத்தம் மட்டும்தான் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இந்தக் கதையை சுத்தம் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் ஒரே மகளுக்குப் பதினெட்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. இரண்டு வருடம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது. தாகத்தில் தவித்த பெண் போனில் கடலடிப் படங்களாகப் பார்க்கத் தொடங்கினாள். பவளப் பாறைகள், அவற்றுக்குள் நுழைந்து நுழைந்து வரும் மீன்கள், அசைந்துகொண்டே இருக்கும் பூ மாதிரியான பிராணிகள். “தண்ணியைக் குடிக்கத்தானே கூடாது, பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே” என்பாள். பெற்ற வயிறு அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்கும்?

சிறுநீரகம் கொடுக்க முதலில் முன்வந்தவர் சுத்தம்தான். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் முதல் பரிசோதனையிலேயே ஒதுக்கிவிட்டார்கள். அடுத்துப் போனவள் மனைவி. பள்ளி வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பாள். அவளுடையது பொருந்தியது. அறுவை முடிந்து, மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையை வார்டு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “ஸ்டெப்னியைக் கழட்டிக் குடுத்தாச்சு. இனிமே பார்த்துத்தான் ஓட்டணும்.”

மகள் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும் மாத்திரைகள் கொடுத்தார்கள். சின்னச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று சிறுநீரக டாக்டரம்மா ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். கூட்டம் கூடாது, பச்சையாக எதையும் தின்னக் கூடாது, தோட்ட மண்ணைத் தொடக் கூடாது, மீன் தொட்டியில் கை விடக் கூடாது. பட்டியல் இரண்டு பக்கம். சுத்தம் அதை இன்னும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டார். வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டினார். செருப்பு வாசலுக்கு வெளியே. சொந்தக்காரர்களும் வாசலுக்கு வெளியே. தரையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மருந்து விட்டுத் துடைத்தார். மகளின் அறைக் கதவை ஒரு கைப்பிடி அளவு திறந்தால்கூட முகம் மாறிவிடும்.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. பெண்தான் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது மாதம் சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. குளி என்றால் நாளைக்கு என்றாள். மாத்திரையை அம்மா நேரில் நின்று பார்த்தால்தான் விழுங்கினாள். “டயாலிசிஸ்ல இருந்தப்பவாவது பக்கத்துல நாலு பேர் படுத்திருந்தாங்க” என்று ஒரு நாள் சொன்னாள். மாத்திரை ஒரு வேளை தவறினாலும் அம்மா கொடுத்தது வீணாகிவிடும் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

“என்ன வேணும்னு கேளு. அப்பா செய்யறேன்” என்றார் சுத்தம்.

“கடல் வேணும்” என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார்.

பட்டியலில் தொட்டியில் கை விடக் கூடாது என்றுதானே இருக்கிறது, தொட்டியே வைக்கக் கூடாது என்று இல்லையே என்று தனக்குத் தானே வழக்காடி, தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். நான் வைக்கிற தொட்டி கிருமி இல்லாத தொட்டியாக இருக்கும், அப்புறம் என்ன, என்று நினைத்துக்கொண்டார்.

அலங்கார மீன் கடைக்காரர் நிதானமான ஆள். கடலைத் தொட்டியில் வைக்க வேண்டும் என்று எவன் வந்தாலும் முதலில் அவனை விரட்டப் பார்ப்பார். விரட்டியும் போகாதவனுக்குத்தான் பாடம். “எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யற வேலை இல்ல சார் இது. ஒரு மாசத்துக்கு மீனே கிடையாது. உப்புத் தண்ணியும் மணலும் கல்லும் மட்டும்தான். வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியுமா உங்களால?”

“முடியும்” என்றார் சுத்தம்.

முதல் வாரம் அவருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், அந்த வேலை அவருக்காகவே உண்டானது போல இருந்தது. வடிகட்டிய தண்ணீர், அதில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு, வாளியில் ஒரு இரவு சுழலவிட வேண்டும், ஒரு சொட்டு எடுத்துச் சிறு குழாயில் கண் வைத்துப் பார்த்தால் உப்பின் அளவு நூல் பிசகாமல் தெரியும். சூடு இருபத்தைந்து டிகிரி. அளவும் சூடும் நேரமும் என்றால் அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கூடத்தில், மகளின் அறைக்கு நேர் எதிரே தொட்டி நின்றது. விளக்கைப் போட்டதும் கதவுக்குப் பின்னாலிருந்து “அப்பா” என்று ஒரு சத்தம் வந்தது. அன்று மகள் முழுத் தட்டும் சாப்பிட்டாள். மனைவி அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வினை வந்தது கல்லில்தான். தொட்டி வைத்துச் சலித்துப்போய் விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து கடைக்காரர் கற்களை வாங்கி வைத்திருந்தார். ஓட்டை ஓட்டையாக, பழுப்பு நிறத்தில், ஈரத்தோடு. இரண்டு கற்களின் மேல் சட்டைப் பித்தான் அளவில் பழுப்பும் பச்சையுமாக வட்ட வட்டப் பிராணிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

“இதைத் தேய்க்காதீங்க, கழுவாதீங்க. உப்புத் தண்ணியில ஒரு அலசு, அவ்வளவுதான். இந்தக் கல்லுக்குள்ள இருக்கற கிருமிதான் சார் உங்க தொட்டிக்கு உயிரு. மீன் போடற கழிவை அதுதான் தின்னு தீர்க்கும். கிருமி செத்தா தொட்டி செத்துச்சு. அந்தப் பித்தானையும் வெறுங்கையால தொடாதீங்க, அது கொஞ்சம் விஷம். கையுறை போட்டுக்குங்க.”

கிருமிதான் உயிர் என்று ஒரு மனிதன் தன் முகத்துக்கு நேரே சொல்வதை சுத்தம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். கையுறை என்ற சொல் மட்டும் அவர் காதில் இதமாக விழுந்தது. மற்றதைக் கேட்டுக்கொண்டார், ஜீரணிக்கவில்லை.

இரண்டாவது வாரம் மணலின் மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு படர்ந்தது. அது வரும், தானே போய்விடும் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். தண்ணீரில் சேறு மாதிரி ஒரு வாடை. ஒரு நாள் கல்லின் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ரோமம் வைத்த ஒரு புழு தலையை நீட்டிப் பார்த்தது. மகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதற்கு ‘மாமா’ என்று பெயர் வைத்தாள். “அப்பா, மாமா வெளிய வந்துட்டாரு, ஓடி வாங்க!” பித்தான்கள் விளக்கு வெளிச்சத்தில் விரிந்து, விளக்கை அணைத்தால் சுருங்கின. அவள் கூடத்தில் நாற்காலி போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாள். சுத்தமோ தள்ளியே நின்றார். தன் வீட்டுக் கூடத்தில், அதுவும் மகள் மூச்சு விடுகிற இடத்தில், தானே ஒரு சாக்கடையைக் கட்டி விளக்குப் போட்டு வைத்திருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகளுக்கு ஒரு நாள் உடம்பு லேசாகச் சுட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, மறுநாளே இறங்கிவிட்டது. ஆனால் சுத்தத்தின் மனதில் ஏறியது இறங்கவில்லை. எல்லாம் அந்தக் கல்லால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அடுத்த விடுமுறை நாள் காலை பத்து மணிக்கு, மகள் அறைக்குள் இருக்கும்போது, கையுறை மாட்டிக்கொண்டு கற்களை வெளியே எடுத்தார். வீட்டிலிருந்த பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். இரண்டு முகமூடி ஒன்றின் மேல் ஒன்றாக, வேலையில் போடுவது போலவே.

மனைவி பக்கத்து அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, கழுவவே கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரில்ல? நீங்க வேக வைக்கறீங்க?”

“அவருக்கு மீனைத் தெரியும். எனக்குக் கிருமியைத் தெரியும்.”

“மாமா உள்ள இருக்காரே. அவ கேட்டா என்ன சொல்றது?”

“வேற மாமா வாங்கித் தரலாம். இருபது நிமிஷம் கொதிக்கட்டும். பொங்கி வழியாம பார்த்துக்கோ, நான் தொட்டியைத் தேய்ச்சுட்டு வந்துடறேன்.”

தொட்டியின் குழாயையும் மணலையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வெளியே போனார். அங்கே காற்று வீசியது. தேய்க்க ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. இருபது நிமிடம் ஐம்பது நிமிடம் ஆனது. டேப் ஒட்டிய ஜன்னல்களுக்குள்ளே, அடுப்படியில், ஆவி கண்ணை மறைக்கும் அளவுக்குச் சூழ்ந்துகொண்டது. கடல் அழுகியது போல ஒரு நாற்றம். மகளுக்கு நாற்றம் என்றாலே குமட்டும். மனைவி ஒரு துண்டை நனைத்துக்கொண்டு போய் அவள் அறைக் கதவின் அடி இடுக்கில் செருகினாள். பிறகு திரும்பி வந்து அண்டாவின் பக்கத்திலேயே நின்றாள். பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாரே என்று நின்றாள்.

சுத்தம் திரும்பி வந்தபோது கற்கள் வெளுத்திருந்தன. பித்தான்கள் வெந்து கரைந்திருந்தன. அவருக்கு அதைப் பார்த்ததும் மனசு லேசாகியது. முகமூடியை இறக்கினார். நாக்கில் கசப்பாக, இரும்பை நக்கியது போல ஏதோ தட்டியது.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு. வாயெல்லாம் கசக்குது” என்றாள் மனைவி. மூன்று மணிக்கு அவளுக்கு இருமல் வந்தது. நான்கு மணிக்குக் குளிர் எடுத்தது, போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. ஐந்து மணிக்கு மூச்சு இழுத்தது. தொடையும் முதுகும் முறித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்றாள். வேன் ஓட்டுகிற பெண், அறுவை சிகிச்சைக்கு அடுத்த நாளே எழுந்து நடந்தவள், வாசல் வரைக்கும் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுத்தத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு மனைவியை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு தன் ஆஸ்பத்திரிக்கே ஓடினார்.

அவசரப் பிரிவில் அவரைத் தெரியாதவர் யார்? நர்சுகள், கம்பவுண்டர், பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சுத்தத்தின் மனைவி என்றதும் சிறுநீரக டாக்டரம்மாவே மேலேயிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஆக்சிஜன் வைத்து, கண்ணை மூடிக் கிடந்தவளின் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

“ஒரு சிறுநீரகம்தான் இருக்கு, ஜாக்கிரதையாப் பார்க்கணும்” என்ற டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “வீட்டுல இன்னைக்குப் புதுசா ஏதாவது நடந்துச்சா? பூச்சி மருந்து, பெயின்ட், புகை, கெமிக்கல்? பிராணி ஏதாவது வளர்க்கறீங்களா?”

அந்த ஒரு நொடியில் சுத்தத்துக்கு எல்லாமே நினைவுக்கு வந்தது. அண்டா, ஆவி, கசப்பு, கொஞ்சம் விஷம் என்ற கடைக்காரரின் குரல். பட்டியலில் இருந்த மீன் தொட்டியும் வந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லாம் அவர் கையைக் கழுவச் சொல்லிக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள். கல்லில் என்ன பெரிய விஷம் இருந்துவிடப் போகிறது, அதுதான் கொதிக்க வைத்தாயிற்றே, என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது பொய்க் குரல் என்று அவருக்கு அப்போதே தெரியும்.

“எங்க வீட்டுலயா டாக்டர்? எங்க வீட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “தெரியும் சுத்தம். உங்க வீட்டுத் தரையிலயே சோறு போட்டுச் சாப்பிடலாம். அப்ப இது ஏதோ தொற்றுதான்.”

அவ்வளவுதான். எல்லோரும் கிருமியைத் தேடப் புறப்பட்டார்கள். ரத்தம் எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள், நெஞ்சைப் படமெடுத்தார்கள், வீரியமான கிருமிக்கொல்லி மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். நுரையீரலில் நீர் சேர்ந்துவிடக் கூடாது என்று சலைனைக் குறைத்து வைத்தார்கள். சுத்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளிடம் போனில் பேசினார். அவளுக்கு லேசான இருமலோடு சரி. துண்டு காப்பாற்றியிருந்தது. மறுநாள் காலை மனைவியின் சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் இறங்கியது. அதுவும் கொஞ்சம்தான். பயிற்சி டாக்டர் ஒருவர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நடையைத் துரிதப்படுத்தினார். அப்போதும் சுத்தம் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. பொய்யில் இதுதான் தொல்லை. நேரம் ஆக ஆக அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது.

பன்னிரண்டு மணிக்கு மீன் கடைக்காரர் தானாகவே போன் செய்தார். “என்ன சார், தொட்டி எப்படி இருக்கு? பழுப்பு போயிடுச்சா?”

“கல்லைக் கொதிக்க வச்சுட்டேன்” என்றார் சுத்தம். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

கடைக்காரரின் குரல் மாறியது. “எந்தக் கல்லு சார்? பித்தான் ஒட்டியிருந்ததா? வீட்டுக்குள்ளயா வச்சீங்க? அந்த ஆவியை யாராவது மூச்சுல இழுத்தாங்களா? சார், அது கொதியில சாகற விஷம் இல்ல சார். ஆவியோட ஏறி வரும். ஆளைக் கொல்லும் சார். சொல்லுங்க, யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

சுத்தம் மாடிப் படிகளில் ஏறிய வேகத்தை அன்று பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடனே சலைனைத் திறந்துவிட்டார், சதை சிதைகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையை அனுப்பினார். முடிவு வந்தபோது, நூறு இருநூறுக்குள் இருக்க வேண்டிய எண் ஐந்து இலக்கத்தில் இருந்தது. விஷம் சதையைக் கரைத்திருக்கிறது. கரைந்த சதை இரவு முழுக்கச் சிறுநீரகத்தில் போய் அடைத்திருக்கிறது.

“நேத்து சாயங்காலமே தெரிஞ்சிருந்தா தண்ணியை ஏத்திக் கழுவி விட்டிருப்பேன். காப்பாத்தியிருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு. ராத்திரி பூரா நான் இல்லாத கிருமியைத் தேடிக்கிட்டிருந்தேன், சுத்தம்.”

அவர் பெயரை அவ்வளவு மெதுவாக யாரும் சொன்னதில்லை.

மனைவி பிழைத்தாள். மூச்சு திரும்பியது, வலி குறைந்தது, எழுந்து உட்கார்ந்து மகளிடம் போனில் மாத்திரை போட்டாயா என்று மிரட்டும் அளவுக்குத் தேறினாள். சிறுநீரகம் மட்டும் திரும்பவில்லை. இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார்கள், பிறகு ஒரு மாதம் என்றார்கள், ஆறாவது வாரம் ஒன்றும் சொல்லாமல் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். தொட்டியையும் கற்களையும் அண்டாவையும் கடைக்காரர் கவசம் மாட்டிக்கொண்டு வந்து மூட்டை கட்டி எடுத்துப் போனார். மகள் தொட்டி இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. கல்லை அப்பா கொதிக்க வைத்ததும் அதனால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்பதும் அவளுக்குத் தெரியும். அதையும் சுத்தம்தான் சொன்னார். பதினெட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம் என்பது போல விட்டுவிட்டார்.

முகமூடியோடு அம்மாவைப் பார்க்க மகளுக்கு அனுமதி கிடைத்த முதல் நாள், அவள் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டாள். “என்கிட்ட இருக்கறது அம்மாவோடதுதானே. அதை அவங்களுக்கே திருப்பி வைக்க முடியாதா? எனக்கு டயாலிசிஸ் பழக்கம்தான்.”

“முடியாதும்மா” என்றார் டாக்டரம்மா.

“அடி போடி” என்றாள் கட்டிலில் இருந்தவள். “பிள்ளைக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கறதுக்கு நான் என்ன வட்டிக்கடையா வச்சிருக்கேன்?” மகள் சிரிக்கவில்லை. அம்மா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகமூடி நனைந்துவிட்டது, ஈர முகமூடி ஆகாது என்று நர்ஸ் வேறு மாற்றிவிட்டார்.

மகளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு சுத்தம் திரும்பி வந்தபோது டயாலிசிஸ் அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் உள்ளே வந்தது. இரண்டு வருடம் மகளோடு உட்கார்ந்து பார்த்த காட்சிதான். இனி இவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், எத்தனை வருடம் என்று யார் கண்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் தன்னால் என்றைக்கும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கல்லு விஷயம் இல்ல. அன்னிக்கு அவசரப் பிரிவுல டாக்டர் என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க…”

“வீட்டுல புதுசா ஏதாவது நடந்துச்சான்னு கேட்டாங்க” என்றாள் அவள்.

சுத்தம் நிமிர்ந்தார். “நீ மயக்கத்துலல்ல இருந்தே?”

“கண்ணைத்தான் மூடியிருந்தேன். காது கேட்டுச்சு.” கையை அசைக்கக் கூடாது என்பதால் அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள். “நீங்க சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே கிடந்தேன். அப்புறம், நாமளே சொல்லிடலாமான்னு நெனச்சேன். மூஞ்சியில இருந்ததை நகர்த்தினா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேச முடியாமல்லாம் இல்ல. ஆனா சுத்தி நின்னவங்க எல்லாரும் உங்களைத் தெரிஞ்சவங்க. உங்க வீட்டைப் பத்தித் தெரியாதான்னு அவ்வளவு பெருமையா வேற சொல்லிட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி உங்களை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரலைங்க.”

அவர் அவள் காலைத் தொட்டார். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“விட்டுக்குடுத்திருக்கணும்” என்றாள்.

இயந்திரத்தில் இன்னும் இரண்டே கால் மணி நேரம் பாக்கி இருந்தது. சுத்தம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.